கணவரின் கைவலியும் வண்டி ஹேண்டில் பாரும்

போன ஆடி மாதம் ஒரு நாள் காலை, என் கணவர் கையில் கொடுத்த காபி டம்ளர் நழுவித் தரையில் விழுந்தது. "சூடு தாங்கலை புள்ள" என்று சமாளித்தார். ஆறிப்போன காபியைத்தான் அவர் குடிப்பார் என்பது எனக்குத் தெரியாதா?

மெதுவாகக் கேட்டேன். "ஏனுங்க, கையில ஏதாச்சும் பண்ணுதுங்களா?" அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. பைக்கை விட்டு இறங்கினால் வலது கை விரல்கள் கால் மணி நேரம் மரத்துப் போகின்றனவாம்! எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஓடுகிற கத்திக்குப் பக்கத்தில் கை வைத்து வேலை செய்கிறவருக்கு விரலில் உணர்ச்சி இல்லையென்றால் என்ன ஆவது?

திருப்பூரில் டாக்டரிடம் காட்டினோம். விரல்களுக்குப் போகும் நரம்புகள் மணிக்கட்டு வழியாகச் செல்கின்றன. மணிக்கட்டு வெகுநேரம் மடங்கியே இருந்தால் நரம்பு அழுந்தி விரல் மரக்கும் என்றார். "வண்டியில கையை எப்படி வெக்கறீங்க?" என்று அவர் கேட்டதும் இவர் விழித்தார். பின்னால் உட்கார்ந்து போகிற நான்தான் பதில் சொன்னேன். முதுகு கூனி, முழங்கை விறைத்து, உடம்புப் பாரம் முழுவதும் உள்ளங்கையில்!

அந்த பைக் பழையதாக வாங்கியது. முதலில் வைத்திருந்தவர் நல்ல உயரம். அவர் தன் வசதிக்கு ஹேண்டில் பாரை முன்னால் தள்ளி வைத்திருக்கிறார். தையல் மெஷினுக்கு ஸ்டூல் உயரம் பார்த்துப் போடுகிற நாம், தினமும் ஓட்டுகிற வண்டியைக் கவனிப்பதில்லையே!

நெருப்பெரிச்சலில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் தம்பியிடம் போனோம். "ரெண்டு நிமிஷ வேலைங்க அக்கா" என்றார். வழக்கம்போல் இவரை வண்டியில் உட்கார வைத்தார். நடுவில் ஹேண்டில் பாரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, பாரைக் கொஞ்சம் பின்னால் திருப்பினார். முழங்கை லேசாக மடங்கியது, தோள் இறங்கியது. பிறகு கிளட்ச், பிரேக் லீவர்களைத் திருப்பி, விரல்களை அதன்மேல் நீட்டினால் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரே நேராக இருக்கும்படி வைத்தார். போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக முடுக்கினார்.

இதோடு முடியவில்லை. ஹேண்டிலை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்க்க வேண்டும். கை டேங்கில் இடிக்கக் கூடாது. கேபிளோ பிரேக் குழாயோ இழுபடக் கூடாது. நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டுத் திருப்பும்போது சத்தம் தானாகக் கூடினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் ஆபத்து. அதனால் விவரம் தெரிந்தவர் கையால் செய்வதே நல்லது.

டாக்டர் சொன்னபடி இரவில் மணிக்கட்டுக்குப் பட்டையும் கட்டிக் கொண்டார். ஒரு மாதத்தில் மரத்துப்போவது நின்றது.

"ஸ்டைலா வேற ஹேண்டில் பார் போடலாம்மா" என்றான் என் மகன். வேண்டாம் கண்ணு என்றுவிட்டேன். இருப்பதைத் திருப்பி வைப்பது வேறு. கம்பெனி கொடுத்த அமைப்பையே மாற்றுவது வேறு. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

சகோதரிகளே, நாம் ஓட்டும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் ஹேண்டிலை இப்படித் திருப்ப முடியாது. முழங்கை லேசாக மடங்கும் அளவுக்கு முன்னால் தள்ளி உட்காருங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். விரல் மரப்பது தொடர்ந்தால் தைலம் தேய்த்து நாள் கடத்தாமல் டாக்டரைப் பாருங்கள். உங்கள் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் கையை உதறினால், "ஒண்ணுமில்லை" என்கிற பதிலை மட்டும் நம்பி விடாதீர்கள்!