வாசலுக்கு வந்த பழுப்பு உடுப்பு

அமெரிக்காவில் பழுப்பு உடுப்பு அணிந்து, பார்சலும் கையுமாக வாசலில் நிற்பவர் யாரென்று குழந்தை கூடச் சொல்லிவிடும். யூ.பி.எஸ். கம்பெனிச் சிப்பந்தி! 1997 ஆகஸ்டில் 15 நாட்கள் அவரைக் காணோம். 1,85,000 ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்திருந்தார்கள்.

காரணம் என்ன தெரியுமா? ஊழியர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அரை நாள் வேலைக்காரர்கள். முழு நேர வேலை கேட்டுக் கேட்டு அலுத்துப் போனவர்கள். கூலியோ மிகவும் குறைவு. குடும்பம் நடத்துவது எப்படி?

சங்கம் சேரவும் வேலையை நிறுத்தவும் 1935-ம் வருஷத்துச் சட்டம் அங்கே தொழிலாளிக்கு உரிமை தந்திருக்கிறது. 'டீம்ஸ்டர்ஸ்' சங்கம் அந்த உரிமையைத்தான் கையாண்டது.

பார்சல் வராததில் இல்லத்தரசிகளுக்குச் சங்கடந்தான். ஆனாலும் கருத்துக் கணிப்பு எடுத்தபோது, கம்பெனியை ஆதரித்தவர்களைவிட ஊழியர்களை ஆதரித்தவர்களே அதிகம்! கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது. அரை நாள் வேலைகளைச் சேர்த்து, ஐந்து வருஷத்தில் 10,000 முழு நேர வேலைகள் தர ஒப்புக்கொண்டது.

தினம் நம் வாசலுக்கு வருகிறவர் ஆயிற்றே! அவர் வீட்டு உலையும் கொதிக்க வேண்டாமா?