ஒடிந்த வீரனுக்கு ஒட்டு வைத்தியம்!

வீடு மாற்றும்போது பழைய பெட்டியில் அகப்படும் பையனின் 'ஜி.ஐ. ஜோ' பொம்மையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்! மூன்றே முக்கால் அங்குல அளவில் இந்தப் போர்வீரனை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1982-ல் கொண்டு வந்தது. பின்னர் நம் சென்னையைச் சேர்ந்த ஃபன்ஸ்கூல் நிறுவனம் இந்தியாவிலும் தயாரித்தது. இன்று அயல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றையும் தேடி வாங்குகிறார்கள்.

உடல் வேறு, கால் வேறாகக் கிடக்கிறதா? பயம் வேண்டாம். பெரும்பாலும் வயிற்றுக்குள் இருக்கும் கறுப்பு ரப்பர் வளையம் காய்ந்து அறுந்திருக்கும், அவ்வளவுதான். முதுகிலுள்ள ஒரே திருகைக் கழற்றி, அதே அளவு வளையம் மாட்டினால் வீரன் எழுந்து நிற்பான். திருகை அளவுக்கு மீறி முறுக்கினால் மார்பில் விரிசல் விழும், ஜாக்கிரதை!

கை ஒடிந்தால் வெறும் பசை நிற்காது. இரு துண்டிலும் மெல்லிய துளையிட்டு, பித்தளைக் கம்பி நறுக்கைச் செருகி ஒட்ட வேண்டும்.

கட்டைவிரல்தான் பெரிய தொல்லை. துப்பாக்கியை வலுக்கட்டாயமாகத் திணித்தால் முதலில் போவது அதுதான். கம்பி செருகவும் அதில் இடமில்லை. சூப்பர் பசை வைத்து, மேலே சமையல் சோடாவைத் தூவினால் நொடியில் கல்லாக இறுகும். (ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை கண்ணைக் கரிக்கும்.) பிறகு உப்புத்தாளால் தேய்த்து விரலாக்கி, வர்ணம் தீட்டலாம். பார்வைக்கு அழகாக இருக்கும். துப்பாக்கி பிடிக்க உதவாது.

விற்பதானால் ஒட்டிய விஷயத்தை வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பூதக் கண்ணாடி இல்லாமல் அவர்கள் வாங்குவதில்லை!