‘ஜிப்லி ஸ்டைல்’ எங்கிருந்து வந்தது? தன் ஓவியங்களைத் தானே எரித்த மியாசாகி

2025 மார்ச் கடைசி வாரம் நினைவிருக்கிறதா? வாட்ஸ்அப் டிபி, இன்ஸ்டா ஸ்டோரி என எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி முகங்கள். கல்யாண போட்டோ, ஆபீஸ் ட்ரிப், வீட்டு நாய்க்குட்டி எல்லாமே பச்சைப் பசேல் பின்னணியில் ‘ஜிப்லி’ பாத்திரங்களாக மாறியிருந்தன. சாட்ஜிபிடியில் புதிதாக வந்த படம் உருவாக்கும் வசதிதான் காரணம். ஓபன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மேனே தன் எக்ஸ் தளப் படத்தை அப்படி மாற்றிக்கொண்டார்.

அந்த அலை ஓய்ந்துவிட்டது. ஆனால் வரையப் பழகுகிறவர்கள், டிசைன் வேலையில் இருப்பவர்கள், ரீல்ஸ் எடிட் செய்பவர்களிடம் ஒரு கேள்வி மட்டும் மிச்சமிருக்கிறது. ஒரு பட்டனைத் தட்டினா இன்னொருத்தர் ஸ்டைல் கிடைக்கும்னா, எனக்குன்னு ஒரு ஸ்டைல் எப்படி வரும்? பிடிச்ச கலைஞரைப் பார்த்துப் பார்த்து வரைஞ்சா, கடைசி வரைக்கும் அவரோட நகலாவே இருந்துடுவேனா?

இதே கவலையில் பல வருஷம் சிக்கித் தவித்தவர்தான் ஸ்டுடியோ ஜிப்லியின் ஹயாவோ மியாசாகி.

இழுப்பறையில் இருந்த ஓவியங்கள்

மியாசாகி 1941-ல் டோக்கியோவில் பிறந்தவர். அவர் தலைமுறை ஜப்பானியப் பிள்ளைகளுக்குப் படக்கதை என்றாலே ஒசாமு தெசுகாதான். 1952-ல் வெளிவரத் தொடங்கிய ‘ஆஸ்ட்ரோ பாய்’ படக்கதையை உருவாக்கியவர். மாங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதையின் இலக்கணத்தையே மாற்றி எழுதியவர்.

பதினெட்டு வயதில் மியாசாகிக்கும் மாங்கா வரையும் ஆசை வந்தது. தெசுகாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் வரையவில்லை. ஆனால் பார்த்தவர்கள் எல்லாம் ‘தெசுகா மாதிரியே இருக்கே’ என்றார்கள். அது அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது. அதைவிட வலித்தது, அவர்கள் சொன்னது உண்மை என்று அவருக்கே தெரிந்ததுதான். ஒருநாள் இழுப்பறையில் சேர்த்து வைத்திருந்த ஓவியங்களை எடுத்து எரித்துவிட்டார். 1989-ல் தெசுகா மறைந்த பிறகு மியாசாகியே இதைச் சொல்லியிருக்கிறார்.

சரி, எரித்ததும் தெசுகா போய்விட்டாரா? இல்லை. அடிப்படையிலிருந்து தொடங்கலாம் என்று ஸ்கெட்ச் பயிற்சியில் இறங்கினார். அப்போதும் கை பழைய வழியிலேயே போனது. உண்மையில் அதிலிருந்து வெளியே வந்தது 23, 24 வயதில், தோயே அனிமேஷன் நிறுவனத்தில் சேர்ந்த பிறகுதான் என்கிறார்.

எரித்த காட்சி சினிமாவுக்கு நன்றாக இருக்கும். பலன் கொடுத்தது என்னவோ அதற்குப் பின்னால் வந்த சலிப்பான வேலைதான். 1963-ல் தோயேவில் அவருக்குக் கிடைத்தது கடைநிலை வேலை. மூத்தவர்கள் வரைந்த இரண்டு முக்கிய அசைவுகளுக்கு நடுவில் வரவேண்டிய படங்களை ஒவ்வொன்றாக வரைய வேண்டும். அங்கே ‘இந்த முகம் யாரைப் போல இருக்கு?’ என்று யாரும் கேட்கப்போவதில்லை. இந்தப் பொண்ணு ஓடும்போது பாவாடை எப்படி அசையும்? எடை எந்தக் கால் மேல விழும்? இதுதான் கேள்வி. கேள்வி மாறியதும், தெசுகாவிடம் பதில் இல்லாத ஓர் இடத்துக்கு மியாசாகி வந்து சேர்ந்தார். தனி ஸ்டைல் முளைப்பது பெரும்பாலும் இந்த மாதிரி இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் நேசிக்கும் கலைஞர் செய்தே பார்க்காத ஒரு வேலை உங்கள் கைக்கு வரும்போது, அதை நீங்களேதான் யோசித்துச் செய்தாக வேண்டும்.

ஒருத்தர் போய், பலர் வந்தார்கள்

அதற்காக அவர் மற்றவர்களைப் பார்ப்பதை நிறுத்திவிடவில்லை. இன்னும் நிறையப் பார்த்தார். பள்ளி இறுதியாண்டில் பார்த்த ‘வெள்ளைப் பாம்பின் கதை’ என்ற 1958-ம் ஆண்டு ஜப்பானிய அனிமேஷன் படத்தின் நாயகி மீது அவருக்குக் காதலே வந்துவிட்டது. தோயேவில் வேலை அலுத்துப்போயிருந்த நேரத்தில், 1957-ல் வெளியான ‘பனி ராணி’ என்ற சோவியத் படம்தான் இந்தத் தொழிலிலேயே இருக்கலாம் என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுவந்தது. பிரெஞ்சு இயக்குநர் பால் கிரிமோவின் படங்களையும் கூர்ந்து கவனித்தார்.

பிரெஞ்சுப் படக்கதைக் கலைஞர் மோபியஸ் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். அவருடைய ‘அர்சாக்’ வந்தது 1975-ல். மியாசாகி கண்ணில் பட்டது 1980 வாக்கில். அதற்குள் தன் கோடு உறுதியாகிவிட்டதால், ஓவியத்தில் அவரைப் பின்பற்ற முடியாமல் போனது என்று வருத்தப்பட்டிருக்கிறார். ஆனால் 1984-ல் வந்த ‘நௌசிகா’ படத்தை மோபியஸின் தாக்கத்தோடுதான் இயக்கினேன் என்றும் சொல்கிறார். அதாவது மூக்கும் கண்ணும் வரவில்லை. பரந்த வெளியைப் பார்க்கும் பார்வை வந்தது. இது ஒருவழிப் பாதையும் இல்லை. மோபியஸ் தன் மகளுக்கு நௌசிகா என்றே பெயர் வைத்தார். 2004 டிசம்பரில் பாரிஸில் இருவரின் ஓவியங்களும் ஒரே கண்காட்சியில் வைக்கப்பட்டன.

தெசுகா மட்டும் என்ன, வானத்திலிருந்து குதித்தவரா? டிஸ்னியின் ‘பாம்பி’யைத் திரையரங்கில் பல பத்து தடவை பார்த்தவர் அவர். அதை மாங்காவாகவும் வரைந்தார். அவர் பாத்திரங்களின் பெரிய கண்களுக்குப் பின்னால் டிஸ்னி இருக்கிறது. ஜிப்லி என்ற பெயரே இரவல்தான். பாலைவனத்தில் வீசும் வெப்பக்காற்றைக் குறிக்கும் சொல் அது. இத்தாலிய விமானம் ஒன்றின் பெயராக இருந்தது, அங்கிருந்து எடுத்தார்கள். இத்தாலிய உச்சரிப்புப்படி ‘கிப்லி’ என்றுதான் வர வேண்டும், ஜப்பானில் ‘ஜிப்ரி’ ஆகிவிட்டது.

வரையப் பழகுகிறவர்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. உங்களுக்குப் பிடித்த இல்லஸ்ட்ரேட்டரை மட்டும் பார்க்காமல், அவர் யாரைப் பார்த்தார் என்று தேடிப் போங்கள். ஒரே ஊற்றிலிருந்து நீங்கள் எடுத்தது ஒன்று, அவர் எடுத்தது இன்னொன்று என்பது அப்போது தெரியும். ஒரு படத்தை அப்படியே பார்த்து வரைவதிலும் தப்பில்லை. வரைந்து முடித்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்து, எங்கே உங்கள் கை விலகிப் போயிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பத்துப் படத்திலும் ஒரே இடத்தில் விலகினால், அதைத் திருத்த அவசரப்படாதீர்கள்.

இரவல் வாங்க முடியாதவை

1971-ல் ‘பிப்பி’ என்ற சுவீடன் சிறுவர் கதையைப் படமாக்கும் திட்டத்தோடு மியாசாகி அந்த நாட்டுக்குப் போனார். கதை உரிமை கிடைக்கவில்லை, திட்டம் நின்றுபோனது. ஆனால் ஸ்டாக்ஹோமும் விஸ்பி நகரமும் 1989-ல் ‘கிகி’ படத்தின் கடற்கரை ஊராக வந்து நின்றன.

இளம் வயதில் அவர் மனம் ஐரோப்பாவில்தான் இருந்தது. தன் நாட்டு இயற்கையை வேறு கண்ணால் பார்க்க வைத்தது, சசுகே நகாவோ என்ற தாவரவியலாளரின் எழுத்து. பின்னால் 1988-ல் வந்த ‘டோட்டோரோ’வில் இருக்கும் வயல், தோப்பு, ஓடை எல்லாம் அவர் குடியிருக்கும் தொகொரொசாவா பகுதியின் நிலம். அதில் ஆஸ்பத்திரியில் இருக்கும் அம்மா, நீண்டகாலம் காசநோயால் படுத்திருந்த அவருடைய அம்மாவின் நினைவு. படத்துக்குப் படம் விமானங்கள் பறப்பதற்கும் காரணம் உண்டு. அவர் குடும்பம் விமான உதிரிபாகத் தொழிற்சாலை நடத்தியது.

பில்டர் போட்டு எடுக்கும் ‘ஜிப்லி’ படத்தில் வருவது இவையெல்லாம் வடிகட்டப்பட்ட மேல்பூச்சு. ‘மா’ என்று ஜப்பானியர்கள் சொல்லும் இடைவெளியும் அதில் வராது. கை தட்டிக் காட்டி, இரண்டு தட்டலுக்கு நடுவில் இருக்கும் அமைதிதான் அது என்று அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டிடம் மியாசாகி விளக்கினார். ‘ஸ்பிரிட்டட் அவே’யில் தண்ணீர் மேல் போகும் ரயிலில் அந்தப் பெண் சும்மா உட்கார்ந்திருப்பாளே, அதுதான். (அந்த மார்ச்சில் சுற்றிய மியாசாகியின் ஏஐ எதிர்ப்பு வீடியோ 2016-ல் எடுத்தது. அவர் கோபப்பட்டது வேறொரு அனிமேஷன் செயல்விளக்கத்தைப் பார்த்து.)

அப்போ சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டம் படைப்பைக் காக்கிறது. கருத்தையோ பொதுவான பாணியையோ அது யாருக்கும் சொந்தமாக்குவதில்லை. கருவுக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் 1978-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. எனவே ஒருவர் பாணியில் வரைவது வேறு, அவர் வரைந்த குறிப்பிட்ட படத்தைத் தூக்கி டி-ஷர்ட்டில் போட்டு விற்பது வேறு. இரண்டாவது சிக்கலில் கொண்டுபோய் விடும்.

ஒரே ஸ்டுடியோ, இரண்டு கோடுகள்

இன்னொன்றும் உண்டு. ‘ஜிப்லி ஸ்டைல்’ என்று கேட்டால் நமக்குக் கிடைப்பது மியாசாகி பக்கம் மட்டும்தான். அந்த ஸ்டுடியோவின் இன்னொரு தூண் இசாவோ தகஹாதா. தோயேவில் மியாசாகியோடு தொழிற்சங்கத்தில் இருந்தவர், அவருக்கு வழிகாட்டியும்கூட. தகஹாதா ஓவியர் இல்லை. பிரெஞ்சு இலக்கியம் படித்தவர். கனடாவின் பிரெடரிக் பாக்கின் அனிமேஷனையும், 12-ம் நூற்றாண்டு ஜப்பானியச் சுருள் ஓவியங்களையும் ஆழ்ந்து படித்து, அவற்றிலிருந்து தன் வழியை எடுத்தார். 2013-ல் வந்த அவருடைய ‘இளவரசி ககுயா’வில் கரித்துண்டால் கிறுக்கியது போன்ற கோடுகள், பாதித் திரை வெறும் வெள்ளை. அதைக் காட்டி ‘இதுவும் ஜிப்லிதான்’ என்றால் பலர் நம்ப மாட்டார்கள்.

1988 ஏப்ரல் 16-ம் தேதி மியாசாகியின் ‘டோட்டோரோ’வும், தகஹாதாவின் ‘மின்மினிகளின் கல்லறை’யும் ஜப்பான் திரையரங்குகளில் ஒரே டிக்கெட்டில் இரட்டைக் காட்சியாக வெளியாயின. ஒன்றில் மழையில் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் அக்கா தங்கை, மற்றதில் போரில் பசியால் சாகும் அண்ணன் தங்கை.