மீண்டு வந்த இருப்புப் பாதை

ஸ்காட்லாந்து நாட்டின் தென்பகுதியில், இங்கிலாந்தின் எல்லையை ஒட்டி, எல்லைப்புறம் என வழங்கும் நிலப்பகுதி ஒன்று உளது. குன்றுகளும் ஆட்டு மந்தைகள் மேயும் புல்வெளிகளும் நிறைந்த நாடு அது. ட்வீட் என்னும் ஆறு அதன் நடுவே ஓடுகின்றது. காலஷீல்ஸ், ஹாயிக் முதலிய ஊர்கள் கம்பளித் துணிக்குப் பெயர் பெற்றவை. எடின்பரோ மாநகரிலிருந்து ஹாயிக் வரை 1849-ஆம் ஆண்டில் இருப்புப் பாதை அமைந்தது. 1862-இல் அஃது எல்லை கடந்து கார்லைல் நகர் வரை நீண்டது. மொத்த நீளம் 98 மைல். அப்பகுதியில் வாழ்ந்த சர் வால்ட்டர் ஸ்காட் எழுதிய நாவல்களின் பெயரால் அதனை வேவர்லிப் பாதை என்றனர். கதையின் பெயரைத் தாங்கிய இருப்புப் பாதைகள் உலகில் மிகச் சிலவே இருத்தல் கூடும்.

நூறாண்டுக் காலம் அப்பாதை கம்பளியையும் கால்நடையையும் மக்களையும் சுமந்தது. பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின. இரயில்வேக்கு இழப்பு மிகுந்தது. பிரிட்டிஷ் இரயில்வேயின் தலைவராயிருந்த டாக்டர் பீச்சிங் 1963-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களையும், ஏறத்தாழ 5,000 மைல் பாதையையும் மூடிவிடலாம் என்பது அவர் கருத்து. வேவர்லிப் பாதையும் அப்பட்டியலில் இருந்தது. மலைப்பாங்கான அப்பாதையில் வண்டி செலுத்துவது பெருஞ்செலவு என்பது உண்மையே. ஆயினும், பயணச்சீட்டு விற்ற தொகையைக் கணக்கிட்டவர்கள், அப்பாதை இல்லையெனில் மருத்துவமனைக்குச் செல்வோரும் கல்லூரிக்குச் செல்வோரும் என் செய்வர் என்பதனைக் கணக்கிற் சேர்த்திலர்.

ஹாயிக் நகரைச் சேர்ந்த மாட்ஜ் எலியட் என்னும் பெண்மணி ஊர் ஊராகக் கையொப்பம் திரட்டினார். 11,678 பேர் ஒப்பமிட்ட அவ்விண்ணப்பத்தை 1968 டிசம்பரில் இலண்டனுக்குக் கொண்டு சென்று பிரதமர் இல்லத்தில் அளித்தார். பயன் விளையவில்லை.

1969 ஜனவரி 5-ஆம் நாள் இரவு, எடின்பரோவிலிருந்து இலண்டனுக்குச் செல்லும் கடைசி வண்டி புறப்பட்டது. எல்லைக்கு அருகிலுள்ள நியூகாஸில்டன் என்னும் சிற்றூரில் வண்டி நின்றுவிட்டது. சாலையும் இருப்புப் பாதையும் சந்திக்குமிடத்தில் ஊரார் கதவுகளை அடைத்து, தண்டவாளத்தின் மேல் திரண்டு நின்றனர். அவர்களுக்கு முன்னின்றவர் அவ்வூர்த் திருச்சபைப் போதகர். காவலர் அவரைச் சிறைப்பிடித்தனர்; கூட்டம் கலையவில்லை. அவ்வண்டியிலேயே பயணம் செய்த பாராளுமன்ற உறுப்பினர் டேவிட் ஸ்டீல் இறங்கிவந்து, இருசாராரிடமும் பேசினார். போதகர் விடுவிக்கப்பட்டார், ஊரார் வழிவிட்டனர். நெடுநேரம் கழித்து வண்டி நகர்ந்தது. அதன்பின் எல்லைப்புறம் முழுமையிலும் ஓர் இரயில் நிலையமும் இல்லாதாயிற்று.

பாதையை மூடியதோடு நில்லாது, சில ஆண்டுகளில் தண்டவாளங்களையும் பெயர்த்தெடுத்துவிட்டனர். இதுவே பெரும் பிழை என்னலாம். மூடிய பாதை கிடந்த இடத்திலேயே கிடக்குமாயின், பின்னொரு நாள் திறத்தல் எளிது. இங்கோ, பாதை கிடந்த நிலம் பல கைகளுக்கு மாறிற்று. ஹாயிக் நிலையம் இருந்த இடத்தில் விளையாட்டு மன்றம் எழுந்தது. மெல்ரோஸ் அருகே பழைய பாதையின் மீதே நெடுஞ்சாலை அமைந்தது. எடின்பரோவைச் சுற்றிச் செல்லும் பெருஞ்சாலையோ பழைய தடத்தைக் குறுக்கே வெட்டிச் சென்றது.

இரயிலுக்கு மாற்றாக விடப்பட்ட பேருந்துகள் வளைந்து செல்லும் சாலைகளில் ஊர்ந்தன. ஆலைகள் பல மூடப்பட, இளைஞர்கள் வேலை தேடி வெளியூர்களை நாடினர். 1999-இல் பாதையை மீட்பதற்கென மக்கள் சங்கம் ஒன்று தோன்றிற்று. அதே ஆண்டில் ஸ்காட்லாந்துக்குத் தனிப் பாராளுமன்றமும் ஏற்பட்டமை அவர்களுக்கு வாய்ப்பாயிற்று. 2006-இல் அம்மன்றம் பாதையின் ஒரு பகுதியை மீண்டும் அமைக்கச் சட்டம் இயற்றிற்று. எனினும் வேலை முழு வீச்சில் தொடங்க மேலும் ஆறாண்டுகள் கழிந்தன.

அமைக்க வேண்டியது எடின்பரோவின் புறநகரிலிருந்து ட்வீட்பாங்க் வரை 30 மைலே. ஆனால் வேலை சிறிதன்று. பெருஞ்சாலையின் போக்குவரத்தை ஒருபுறம் திருப்பிவிட்டு, புதிய பாலம் கட்டினர். பழைய நிலக்கரிச் சுரங்கங்கள் நிலத்தின் கீழே குழிந்து கிடந்தமையால், அவற்றை நிரப்பி உறுதி செய்தனர். 23 வளைவுகளையுடைய நியூபாட்டில் பழம்பாலத்தைச் செப்பனிட்டனர். ஏழு நிலையங்கள் எழுந்தன. செலவு 29.4 கோடி பவுன். சிக்கனம் கருதிப் பாதையின் பெரும்பகுதியை ஒற்றைத் தடமாகவே இட்டனர். புதிய பாலங்கள் பலவற்றையும் ஒற்றைத் தடத்திற்கே கட்டினர். ஆதலின் ஒரு வண்டி தாமதமாயின், எதிர்வரும் வண்டியும் மாறிச் செல்லும் இடத்தில் காத்து நிற்க வேண்டியதாகின்றது.

2015 செப்டம்பர் 6-ஆம் நாள் பொதுமக்களுக்காக வண்டிகள் ஓடத் தொடங்கின. மூன்று நாள் கழித்து எலிசபெத் அரசியார் முறைப்படி திறந்துவைத்தார். முதலாண்டில் ஏறத்தாழ 13 இலட்சம் பயணங்கள் நிகழ்ந்தன. இதில் வியத்தற்குரியது ஒன்று உண்டு. மாநகரை அடுத்த சில நிலையங்களில் கூட்டம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது. கோடியிலுள்ள காலஷீல்ஸ், ட்வீட்பாங்க் ஆகியவற்றிலும், ஸ்டோ என்னும் சிற்றூரிலுமோ மதிப்பீட்டைப் பன்மடங்கு விஞ்சியது. நிபுணர்கள் எவ்வூர்களில் ஆள் ஏறார் என எண்ணினரோ, அவ்வூர்களிலேயே மக்கள் இருக்கையின்றி நின்றுகொண்டு பயணம் செய்தனர்!

பாதை மீண்ட அவ்வாண்டில் சரக்கு இரயில் எஞ்சின் ஒன்றிற்கு மாட்ஜ் எலியட் அம்மையாரின் பெயரைச் சூட்டினர். அவருடைய ஊராகிய ஹாயிக்கிற்கு மட்டும் பாதை இன்னும் எட்டவில்லை. ட்வீட்பாங்கிலிருந்து அவ்வூருக்குச் செல்வோர் சாலை வழியே செல்கின்றனர். ஹாயிக் வழியாகக் கார்லைல் வரை மீண்டும் பாதை இடவேண்டும் என்று மக்கள் சங்கத்தார் வற்புறுத்தி வருகின்றனர்.