மறுபடி வெல்டிங் வைத்தால் போதுமா?

நிலநடுக்கத்தில் எஃகுக் கட்டடத்தின் மூட்டு விரிசல் விட்டால், திரும்ப வெல்டிங் வைத்துவிட்டால் சரியாகிவிடாதா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஆகாது. பழையபடியே வைத்தால் அடுத்த நடுக்கத்தில் அதே இடம்தான் பிளக்கும்.

1994 ஜனவரி 17 விடிகாலை, லாஸ் ஏஞ்சலிஸ் அருகே நார்த்ரிட்ஜில் 6.7 அளவு நடுக்கம். வெல்டிங் மூட்டுகளை நம்பி நின்ற எஃகுச் சட்டகக் கட்டடம் எதுவும் இடிந்து விழவில்லை. தீக்காப்புப் பூச்சைச் சுரண்டியபோதுதான், உத்திரம் தூணோடு சேரும் இடங்களில், பெரும்பாலும் உத்திரத்தின் கீழ்த்தகட்டில், வெல்டிங் பிளந்திருப்பது தெரிந்தது. வளையும், முறியாது என்று அடித்துச் சொல்லப்பட்ட மூட்டுகள் அவை.

உருகிய உலோகம் ஒழுகாமலிருக்க, தகட்டுக்கு அடியில் ஓர் இரும்புப் பட்டையை வைத்து வெல்டிங் செய்வார்கள். வேலை முடிந்ததும் பட்டையை அங்கேயே விட்டுவிடுவது அன்றைய வழக்கம். பட்டைக்கும் தூணுக்கும் நடுவே ஒட்டாத ஓர் இடுக்கு தங்கிவிடும். ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்து வெட்டுக்குச் சமம் அது. வெட்டில்லாத பாக்கெட் பல்லுக்கும் மசியாது. வெட்டிருந்தால் ஓர் இழுப்பு போதும், விசை முழுதும் அந்த நுனியில் குவிந்துவிடும். அதே வெட்டை மெல்லிய பாலித்தீன் பையில் போட்டு இழுத்தால், நுனி நீண்டு மழுங்கிக் கிழிசல் தயங்கும். நார்த்ரிட்ஜ் கட்டடங்களில் இட்ட வெல்டிங் உலோகத்துக்கு அந்த நீளும் குணம் போதவில்லை. போதாக்குறைக்கு, வெல்டர் உத்திரத்தின் மேல் உட்கார்ந்து கீழ்த்தகட்டைப் பற்றவைக்கும்போது நடுத்தகடு குறுக்கே நிற்கும். பாதியில் நிறுத்தி மறுபக்கம் போய்த் தொடர வேண்டும். குறைகள் சேர்ந்தது அந்த நடுவில்தான்.

ஆகவே பழுதுபார்ப்பது என்றால் முதலில் தோண்டுவது. கார்பன் மின்வில்லால் உருக்கி, அழுத்தக் காற்றால் ஊதி விரிசலை முழுதாக எடுத்து, பட்டையையும் நீக்கி, கிரைண்டரால் தேய்த்து, விரிசலுக்கு எளிதில் இடம்கொடாத உலோகத்தால் மறுபடி நிரப்ப வேண்டும்.

விரிசல் போனாலும் விசை அதே இடத்துக்குத்தான் வரும். என்னை அசத்துவது இதற்குக் கண்ட வழி: உத்திரத்தின் அடியில் ஒரு முக்கோணத் தாங்கி. உத்திரத்தின் சுமையில் பெரும்பங்கு அதன் சாய்ந்த கால் வழியாகத் தூணுக்கு இறங்க, பழைய வெல்டிங்கின் மேல் விழும் இழுவிசை குறைகிறது. கான்கிரீட் தளத்துக்குள் புதைந்த மேல் வெல்டிங்கைத் தொடாமல் விட்ட மாதிரிகள்கூட ஆய்வகக் குலுக்கலை நன்றாகத் தாங்கின. தாங்கிக்குப் பதில், கீழ்த்தகட்டின் ஓரங்களை மட்டும் வெட்டி மெலிதாக்கும் எளிய வழியையும் சோதித்தார்கள். மேலே பழைய வெல்டிங் அப்படியே இருந்த மாதிரிகளில், அது முறிந்தது.