காட்டுத்தீயும் சூழல்மண்டலப் பாதிப்புறுநிலையும்: நீலகிரிக் காடுகளை முன்வைத்து

முன்னுரை

காட்டுத்தீ குறித்த மதிப்பீடுகள் பலவும் ஒரே வினாவோடு தொடங்குகின்றன: எங்கே எத்தனை முறை தீப்பற்றியது? செயற்கைக்கோள்கள் பதிவு செய்யும் தீப்புள்ளிகளைக் கூட்டி, மிகுதியாக எரிந்த இடங்களைச் சிவப்பாகக் காட்டும் நிலப்படமே ‘பாதிப்புறுநிலைப் படம்’ எனப் பெயர் பெற்றுவிடுகிறது. ஆனால், அடிக்கடி எரிவது வேறு. எரிந்தபின் மீள முடியாமற் போவது வேறு.

காலநிலை மாற்றம் குறித்த பன்னாட்டு அரசுக் குழுவின் 2007ஆம் ஆண்டு அறிக்கை, வெளிப்படுநிலை, உணர்திறன், தகவமைவுத் திறன் ஆகிய மூன்றையும் சார்ந்ததாகப் பாதிப்புறுநிலையை வரையறுத்தது. 2014ஆம் ஆண்டு அறிக்கை வெளிப்படுநிலையை அதிலிருந்து பிரித்துத் தனியே வைத்தது. இப்பிரிப்பின்படி, தீப்புள்ளிகளின் எண்ணிக்கை இடரைக் காட்டுமேயன்றிப் பாதிப்புறுநிலையைக் காட்டாது.

வேனிலின் வெம்மையில் குறிஞ்சி, முல்லை நிலங்களே பாலையாகின்றன என்னும் சிலப்பதிகாரக் கருத்து ஈண்டு நினைக்கத்தக்கது. அங்குப் பாலை தனி நிலமன்று, ஒரு நிலை. மழை பெய்தால் அது நீங்கக்கூடும். மழைக்குப் பின்னும் அந்நிலை நீங்காத காடு எது என்பதே பாதிப்புறுநிலை ஆய்வின் வினா.

இலையுதிர் காடும் சோலையும்

முதுமலையின் உலர் இலையுதிர் காடுகளில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை உதிர்ந்த சருகும் காய்ந்த புல்லும் தரைத்தீக்கு இரையாகின்றன. தேக்கு, வெக்காலி, கருமருது போன்ற மரங்கள் தடித்த பட்டையால் தப்புகின்றன. கருகிய கன்றுகள் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கின்றன. எனினும், இத்திறனுக்கும் எல்லை உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு ஒப்பிடுகையில் முதுமலையில் இரு தீக்களுக்கு இடைப்பட்ட காலம் வெகுவாகக் குறுகிவிட்டதைக் கொடண்டபாணி, காக்ரேன், சுகுமார் ஆகியோரின் 2004ஆம் ஆண்டு ஆய்வு சுட்டியது. இடைவெளி குறையும்போது, பட்டை தடிக்கும் முன்பே கன்று மீண்டும் எரிகிறது. முதிர்ந்த மரங்கள் நிற்பதால் காடு நலமாகத் தோன்றும். அடுத்த தலைமுறை மரங்களோ இரா.

மேல்மலைச் சோலைகளின் நிலை இதற்கு நேர்மாறானது. ஈரம் மிகுந்த அவற்றின் உட்பகுதி எரிவது அரிது. ஆகவே தீப்புள்ளிப் படத்தில் அவை பாதுகாப்பான பகுதியாகவே தோன்றும். ஆனால் சோலை மரங்கள் மெல்ல வளர்பவை. தீயைத் தாங்கும் அமைப்பு அவற்றுக்குக் குறைவு. விளிம்பு எரிந்தால் திறந்த வெளியின் உறைபனியில் புதிய கன்றுகள் நிலைப்பது கடினம். சூழ்ந்துள்ள புல்வெளியோ தரைக்கடியிலுள்ள வளர்முனைகளிலிருந்து அடுத்த மழைக்கே தழைத்துவிடும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த தீயும் புல் மண்டிய சரிவிலேயே பரவியது. மனிதருக்கு நேரும் பேரிழப்பைக் கொண்டு ஒரு சூழல்மண்டலத்தின் பாதிப்புறுநிலையை அளக்க இயலாது என்பதற்கு அத்துயரமே சான்று.

காலநிலையின் இருமுகம்

வெப்பம் உயர்ந்தால் தீ பெருகும் என்னும் பொதுவிதியும் எல்லாக் காட்டுக்கும் ஒன்றுபோல் பொருந்தாது. முட்காடுகளில் தீக்குத் தடையாக இருப்பது எரிபொருளின் பற்றாக்குறை. வறட்சி ஆண்டில் புல்லே வளராததால் அங்குத் தீ குறையவும் கூடும். நல்ல மழையை அடுத்துவரும் கடும் கோடையே அங்கு அஞ்சத்தக்கது. ஈரக்காடுகளிலோ எரிபொருள் எப்போதும் உண்டு, ஈரமே தடை. வெப்பமிகு காற்று அந்த ஈரத்தை உறிஞ்சிவிட்டால் தடை நீங்குகிறது. ஆகவே வறட்சிக்கு ஒரே மதிப்பெண்ணை எல்லாக் காடுகளுக்கும் வழங்கும் கூட்டுக் குறியீடு, முட்காட்டிலேனும் பிழையான திசையைக் காட்டும்.

அளவீட்டின் இடர்ப்பாடு

மோடிஸ் கருவியின் தீப்புள்ளி 1 கி.மீ. பக்கமுள்ள சதுரம், அதாவது 100 ஹெக்டேர். விர்ஸ் கருவியின் 375 மீட்டர் புள்ளியும் ஏறத்தாழ 14 ஹெக்டேர். சோலைத் துண்டுகள் பல இதனினும் சிறியவை. எனவே சோலை விளிம்பில் பற்றிய தீ, புல்வெளித் தீயாகவே கணக்கில் ஏறும்.

மீட்சியை அளப்பதில் இதனினும் பெரிய பிழை நேர்கிறது. எரிந்த இடம் ஓரிரு ஆண்டுகளில் பச்சையானதும், தாவரப் பசுமைக் குறியீடு அதனை ‘மீண்டது’ எனப் பதிகிறது. அப்பச்சை கருகிய தேக்கின் துளிரா, அதன் இடத்தைக் கவர்ந்து அடுத்த தீக்கு எரிபொருளாகும் உண்ணிச்செடியா, மேல்மலையாயின் அயல்நாட்டுச் சீகை மரமா என்பதைக் குறியீடு பிரித்தறியாது. அதனை அறிய, எரிந்த நிலத்தில் நிலையான ஆய்வுக்கட்டங்கள் அமைத்து, கன்றுகளை இனம்வாரியாக ஆண்டுதோறும் எண்ண வேண்டும். முதுமலையில் 1988இல் அமைக்கப்பட்ட 50 ஹெக்டேர் நிலைக்கட்டம் இலையுதிர் காட்டுக்கு அத்தகைய நெடுங்காலத் தரவைத் தருகிறது. சோலை விளிம்புகளுக்கும் அதுபோன்ற கணக்கெடுப்பு தேவை.