பூவும் பெயரும் – 12: பிடிக்காதவர் பெயரில் ஒரு பூ

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பிட்டர்ரூட் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதே பெயரில் ஓர் ஆறும் ஒரு மலைத்தொடரும் உண்டு. மூன்றுக்கும் பெயர் கொடுத்தது தரையைவிட்டு நாலு விரல்கூட எழும்பாத ஒரு செடி. பெயருக்கு ஏற்றபடி வேர் கசக்கும்.

நம் பருப்புக்கீரைக்கும் பத்துமணிப்பூவுக்கும் இது தூரத்துச் சொந்தம். முன்பு மூன்றையும் ஒரே குடும்பமாகத்தான் வைத்திருந்தார்கள். சரளை மண்ணில் பனி உருகும் காலத்தில் இலை விடும். பூ விரியும் நேரத்தில் இலையெல்லாம் வாடிச் சருகாகியிருக்கும். வெறுந்தரையில் இளஞ்சிவப்புப் பூ மட்டும் கிடக்கும். கோடை முழுக்கச் செடி மண்ணுக்குள் சதைப்பற்றான வேராக உறங்கிவிடும். பாறைத் தோட்டம் வைப்பவர்கள் இதை ஆசையாக வளர்க்கிறார்கள். ஆனால் உறங்கும்போது இரக்கப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும்.

1805 ஆகஸ்டில் பசிபிக் கடலை நோக்கிப் பயணம் போய்க்கொண்டிருந்த மெரிவெதர் லூயிஸ், ஷோஷோனி மக்களின் உணவான இந்த வேரைச் சுவைத்துப் பார்த்தார். குமட்டியது. மிச்சத்தை அவர்களிடமே கொடுத்துவிட்டார். அவர்கள் ருசித்துச் சாப்பிட்டதையும் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். திரும்பும் வழியில், 1806 ஜூலை 1 அன்று, பள்ளத்தாக்கின் வடகோடியில் அதே செடியைப் பிடுங்கித் தாளுக்கிடையில் வைத்து உலர்த்தினார்.

மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த அந்த வேரில் உயிர் இருந்தது. பிலடெல்பியாவில் பெர்னார்ட் மக்மஹன் என்ற தோட்டக்கலைஞர் அதை மண்ணில் வைக்க, துளிர்த்துவிட்டது. ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபிரெடரிக் பர்ஷ், லண்டனில் வெளியிட்ட தன் நூலில் இதற்கு 'லூயிசியா ரெடிவைவா' என்று பெயரிட்டார். பின்பாதிக்கு லத்தீனில் 'மீண்டும் உயிர்த்தது' என்று பொருள். அந்தப் பாதி செடியே சம்பாதித்துக்கொண்டது. முன்பாதி, அதைத் தின்னமுடியாமல் திருப்பிக் கொடுத்தவருக்குப் போனது. அவரோ அந்தப் பெயரைப் பார்க்கவில்லை, 1809-லேயே இறந்துவிட்டார்.

தின்றவர்கள் வைத்த பெயர் வேறு. பள்ளத்தாக்கின் சேலிஷ் மக்களுக்கு இது 'ஸ்பெட்லம்'. பூப்பதற்கு முன்பே தோண்டிவிடுவார்கள். அப்போதுதான் தோல் எளிதாக உரியும், கசப்பும் குறைவு. உள்ளே இருக்கும் சிவப்புக் குருத்தைக் கிள்ளி எறிந்தால் இன்னும் குறையும். இந்தப் பக்குவம் தெரிந்திருந்தால் லூயிஸுக்கும் பிடித்திருக்குமோ என்னவோ! பட்டினியில் வாடும் தன் பிள்ளைகளுக்காக ஒரு கிழவி அழுத கண்ணீரில் முளைத்த செடி இது என்பது அவர்கள் கதை. சூரியன் அனுப்பிய சிவப்புப் பறவை பூவுக்கு நிறம் கொடுத்ததாம்.

அந்த மக்களில் எஞ்சியிருந்தவர்களைத் தலைவர் சார்லோவோடு 1891-இல் பள்ளத்தாக்கைவிட்டு வடக்கே ஃபிளாட்ஹெட் ஒதுக்கீட்டு நிலத்துக்கு அனுப்பினார்கள். நாலே ஆண்டில், 1895-இல், மொன்டானா இந்தப் பூவை மாநில மலராக அறிவித்தது. செடியை வைத்துக்கொண்டு, அதை உண்டவர்களை அனுப்பிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

சேலிஷ் மக்கள் இன்றும் வசந்தத்தில் முதல் வேரைத் தோண்டும்போது வழிபாடு நடத்துகிறார்கள்.

லூயிஸின் கூட்டாளி கிளார்க்கையும் பர்ஷ் விட்டுவைக்கவில்லை. அவர் பெயரில் வந்த பூவை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)